குதிரை யாருடையது? பள்ளிகளுக்கிடையிலான தடைதாண்டல் போட்டிகள் நடக்கும் விதம்

இங்கிலாந்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை. ஏதோ ஒரு பள்ளியின் பெயரில் நான்கு பிள்ளைகள் குதிரைகளோடு போட்டி மைதானத்துக்கு வந்து நிற்கிறார்கள். சேணத்துக்கு அடியில் விரித்த துணியில் பள்ளிச் சின்னம், சட்டையில் பள்ளியின் நிறம். பார்க்கிறவர்களுக்கு ஹாக்கி, கால்பந்து போல இதுவும் ஒரு பள்ளி விளையாட்டு என்றுதான் தோன்றும். ஆனால் பெரும்பாலும் அந்த நான்கு குதிரைகளில் ஒன்றுகூடப் பள்ளியுடையதாக இருக்காது. குதிரை வீட்டினுடையது, ஏற்றி வந்த லாரி வீட்டினுடையது, வாரம் முழுவதும் பயிற்சி கொடுத்தவருக்குச் சம்பளம் கொடுத்ததும் வீடுதான். குழு மேலாளர் என்று கையெழுத்துப் போட்டிருப்பவர்கூடப் பல சமயம் ஆசிரியராக இருப்பதில்லை. நான்கு அம்மாக்களில் ஒருவராக இருப்பார்.

அதனால் பள்ளிகளுக்கிடையிலான ஷோ ஜம்பிங்கை, அதாவது குதிரைத் தடைதாண்டலைப் பற்றிப் பேச வந்தால், விதிப்புத்தகத்தைத் திறக்கும் முன்பே குதிரை யாருடையது என்று கேட்டுவிடுவது நல்லது. பிரிட்டன், ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா போன்ற நாடுகளில் பிள்ளை தன் குதிரையோடு வருகிறது. அமெரிக்காவின் பள்ளி மாணவர் லீகில் போட்டியை நடத்துகிறவர் குதிரைகளைத் தருகிறார். யாருக்கு எது என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போட்டு முடிவு செய்கிறார்கள். இந்த ஒரு வித்தியாசத்தால் இரண்டும் கிட்டத்தட்ட வேறு வேறு விளையாட்டுகளாகவே ஆகிவிட்டன.

முதலில் விளையாட்டைப் பார்த்துவிடுவோம். மைதானத்தில் பத்து, பன்னிரண்டு தடைகள் எண் போட்டு நிற்கும். ஒவ்வொரு தடைக்கும் வலப்பக்கம் சிவப்புக் கொடி, இடப்பக்கம் வெள்ளைக் கொடி. அந்த இரண்டுக்கும் நடுவில், அந்தத் திசையில், அந்த வரிசையில்தான் தாண்ட வேண்டும். மணி அடித்தபின் 45 விநாடிக்குள் தொடக்கக் கோட்டைக் கடக்க வேண்டும். மணி அடிக்கும் முன்பே கோட்டைக் கடந்து முதல் தடையைத் தாண்டிவிட்டால் ஆட்டம் அங்கேயே முடிந்தது. முதல்முறை வருகிற பிள்ளைகள் பதற்றத்தில் செய்கிற தப்பு பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். ஒரு கழி விழுந்தால் 4 அபராதப் புள்ளி. குதிரை முரண்டுபிடித்துத் தடைக்கு முன் நின்றுவிட்டாலோ, ஓரமாக ஒதுங்கி ஓடிவிட்டாலோ அதற்கும் 4. சர்வதேசக் குதிரையேற்றச் சம்மேளனமான எஃப்.இ.ஐ.யின் விதிப்படி இரண்டாவது முறை நின்றால் வெளியேற வேண்டியதுதான். தொடக்கநிலைப் போட்டிகள் சிலவற்றில் இன்னொரு வாய்ப்பும் தருவார்கள். சவாரி செய்பவர் கீழே விழுந்தாலும் வெளியேற்றம். குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம் என்று நம்மூரில் சொல்வதை இந்த மைதானத்தில் எழுத்துப்பூர்வமான விதியாகவே வைத்திருக்கிறார்கள்.

எவ்வளவு அழகாகத் தாண்டினார்கள் என்று நடுவர் பார்ப்பதில்லை. கழி அதன் இடத்தில் இருக்கிறதா என்பது மட்டும்தான் கணக்கு. கழியின் இரு முனைகளும் ஆழமில்லாத கிண்ணம் போன்ற தாங்கிகளில் உட்கார்ந்திருக்கும். குளம்பு பட்டால் கழி உருண்டு விழ வேண்டும், அதற்காகத்தான் ஆழம் குறைவு. சில நேரம் குளம்பு ‘டொக்’கென்று தட்டும், கழி ஆடும், ஆனால் விழாது, அப்போது புள்ளி எதுவும் போகாது. முன்னும் பின்னுமாக இரண்டு வரிசைக் கழிகள் வைத்த அகலத் தடைக்கு ஆக்ஸர் என்று பெயர். அதன் பின்பக்கக் கழிக்கு மட்டும் தனிப் பாதுகாப்புத் தாங்கி இருக்கும். குதிரை அதன்மேல் எடையோடு இறங்கிவிட்டால் தாங்கியே மடங்கிக் கழியை விட்டுவிடும், குதிரையின் கால் சிக்காது. ஒரு கழியும் விழாமல் முடித்தவர்கள் பலர் இருந்தால், தடைகளைக் குறைத்து, கடிகாரத்தை வைத்து மறுபடி ஓடவிடுவார்கள். அதுதான் ஜம்ப்-ஆஃப்.

பள்ளிப் போட்டிகளில் உயரம் பெரும்பாலும் 70 செ.மீ.யில் ஆரம்பித்து 80, 90, ஒரு மீட்டர், 1.10 மீட்டர் என்று ஏறும். ஒலிம்பிக்கில் 1.60 மீட்டரைத் தாண்டும் தடைகளைப் பார்த்தவர்களுக்கு 70 செ.மீ. விளையாட்டாகத் தெரியலாம். ஆனால் இந்த மட்டத்தில் பிள்ளைகளுக்குச் சிக்கலே உயரத்தால் வருவதில்லை. ஒரு தடைக்கும் அடுத்த தடைக்கும் நடுவே உள்ள தூரத்தால்தான் வருகிறது.

ஒரு முழு வளர்ச்சி பெற்ற குதிரை, கேன்டர் எனும் மிதமான பாய்ச்சல் நடையில், ஒரு எட்டுக்கு, அதாவது நான்கு கால்களையும் ஒருமுறை எடுத்து வைப்பதற்குள், சுமார் 12 அடி போகும். தடையைத் தாண்டிய பிறகு சுமார் 6 அடி தள்ளி இறங்கும். அடுத்த தடைக்கு 6 அடி முன்பே எழும்பும். ஆக இரண்டு தடைகளுக்கு நடுவே 60 அடி இருந்தால் இறங்க 6, எழும்ப 6 போக மீதி 48 அடி, அதாவது நான்கு எட்டு. 72 அடி என்றால் ஐந்து. போட்டிக்கு முன்னால் பிள்ளைகளும் பயிற்சியாளர்களும் மைதானத்துக்குள் விறைப்பாகக் காலை நீட்டி நீட்டி நடப்பது இதை அளக்கத்தான். மனித நடையை ஒரு எட்டுக்கு மூன்று அடியாகப் பழக்கிக்கொள்வார்கள். இரண்டு எட்டு இறங்குவதற்கு, பிறகு நான்கு நான்காக எண்ணிக்கொண்டே போய், கடைசி இரண்டை எழும்புவதற்கு விட்டுவிடுவது கணக்கு. பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் கால் மூன்று அடி நீளாது என்பதால் வீட்டில் தரையில் கழியைப் போட்டு அந்த எட்டைப் பழகிக்கொண்டு வருகிறவர்களும் உண்டு.

இந்தக் கணக்கெல்லாம் குதிரைக்கு. பள்ளிக் குழுவில் வருபவை எல்லாம் ஒரே அளவுக் குதிரைகளாக இருக்க வேண்டுமே! அங்கேதான் தலைவலி. தோள்மேட்டு உயரம் 148 செ.மீ.க்குள் இருந்தால் அது மட்டக்குதிரை, ஆங்கிலத்தில் போனி. பிரிட்டனில் மட்டக்குதிரைகளையே 128, 138, 148 செ.மீ. என்று மூன்று அளவாகப் பிரிக்கிறார்கள். குட்டை மட்டக்குதிரையின் எட்டு ஏறக்குறைய 10 அடி. அதே 60 அடியில் அது ஐந்து எட்டு வைத்து நிம்மதியாகப் போய்விடும். பாடுபடுவது நடுவில் இருக்கிறதே, 11 அடி எட்டு வைக்கிற மட்டக்குதிரை, அதுதான். அதற்கு இந்த இடைவெளி நாலரை எட்டு. அரை எட்டு என்று எந்தக் குதிரையாலும் வைக்க முடியாது. ஒன்று வேகமெடுத்து நான்கில் நீட்டிப் போக வேண்டும், இல்லை கடிவாளத்தைப் பிடித்து ஐந்தாகக் குறுக்க வேண்டும். எதைச் செய்யப் போகிறோம் என்பதை முதல் தடையில் இறங்கும்போதே அந்தப் பிள்ளை முடிவு செய்திருக்க வேண்டும். முடிவு செய்யாமல் பாதி வழியில் தயங்கினால் குதிரை தடைக்கு மிக அருகே வந்துவிடும், அங்கே நின்றுவிடும். வெளியிலிருந்து பார்ப்பவருக்குச் சண்டிக்குதிரை என்று தோன்றும். பல நேரம் அது சண்டித்தனமே இல்லை, கணக்குப் பிழை.

இரண்டு தடைகளை 24 அடி இடைவெளியில் அடுத்தடுத்து வைக்கும் இரட்டைத் தடையில் இந்தச் சிக்கல் இன்னும் கூடும். குதிரை இறங்கி, ஒரே ஒரு எட்டு வைத்து, எழும்ப வேண்டும். குட்டை மட்டக்குதிரைக்கு அங்கே ஒரு எட்டும் போதாது, இரண்டு எட்டுக்கு இடமும் இல்லை. அதனால்தான் நல்ல தட அமைப்பாளர்கள் உயரம் குறைந்த வகுப்புகளில் தூரத்தைச் சற்றுக் குறைப்பார்கள், அல்லது மட்டக்குதிரைகள் வரும்போது இரட்டைத் தடையை நகர்த்திப் போடுவார்கள். ஒரு பள்ளிப் போட்டி ஒழுங்காக நடத்தப்படுகிறதா என்று தெரிய வேண்டுமானால் நான் பரிசு மேடையைப் பார்க்க மாட்டேன், இந்த இரட்டைத் தடையைத்தான் பார்ப்பேன்.

உருவம் சிறியது என்பதால் மட்டக்குதிரையைக் குறைத்து மதிப்பிடவும் முடியாது. ஸ்ட்ரோலர் என்ற மட்டக்குதிரையின் மேல் மரியன் கோக்ஸ் 1967-இல் இங்கிலாந்தின் பெரிய தடைதாண்டல் போட்டியான ஹிக்ஸ்டெட் டெர்பியை வென்றார். அடுத்த ஆண்டு மெக்சிகோ ஒலிம்பிக்கில் தனிநபர் வெள்ளி வாங்கினார். அவருக்கு அப்போது 21 வயது. அங்கே தடையைக் குதிரைக்காக யாரும் நகர்த்திப் போடவில்லை. இன்னொன்றும் இங்கே சொல்ல வேண்டும். ஒலிம்பிக் தடைதாண்டலில் பெண்களை 1956-இல்தான் அனுமதித்தார்கள். அன்றிலிருந்து ஆண், பெண் என்று தனித்தனிப் பிரிவு கிடையாது. பள்ளிப் போட்டிகளிலும் அப்படித்தான். பிரிட்டனில் பள்ளிக் குழுக்களைப் பார்த்தால் பெண் பிள்ளைகளே அதிகம்.

சரி, குழுப் புள்ளிக்கு வருவோம். வழக்கமான முறையில் ஒரு குழுவுக்கு நான்கு பேர், அவர்களில் சிறந்த மூவரின் புள்ளி மட்டும் சேரும். ஒரு பள்ளியின் நால்வர் 0, 4, 4, 12 என்று வாங்கினால் 12-ஐத் தள்ளிவிட்டு மொத்தம் 8. இன்னொரு பள்ளியில் இருவர் 0, ஒருவர் 8, நான்காமவர் விழுந்து வெளியேறிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அங்கேயும் மொத்தம் 8-தான். சமநிலையை உடைக்க மூவரின் நேரத்தைக் கூட்டுவார்கள், அல்லது மறு ஓட்டம் வைப்பார்கள். அது போட்டிக்குப் போட்டி மாறும். இதில் கவனிக்க வேண்டியது முதல் மூவர் ஓடி முடித்த பிறகு நான்காமவரின் நிலைமை. மூவரும் தப்பில்லாமல் முடித்திருந்தால் அவருக்கு எந்தக் கவலையும் இல்லை, காற்று வாங்கப் போவது போலப் போய்வரலாம். முதல் மூவரில் ஒருவர் வெளியேறியிருந்தால் நான்காமவர் விழவே கூடாது. விழுந்தால் பள்ளிக்குக் குழு மதிப்பெண்ணே கிடையாது. குதிரை நோய்வாய்ப்பட்டு மூன்று பேரோடு வந்த பள்ளிக்கு ஆரம்பத்திலிருந்தே இந்த நிலைமைதான். அதனால் அனுபவமுள்ள மேலாளர்கள் மிக வேகமான பிள்ளையைக் கடைசியில் வைப்பதில்லை. பதறாத பிள்ளையை வைப்பார்கள்.

பிரிட்டனில் இந்தப் போட்டிகளுக்கென்று என்.எஸ்.இ.ஏ. என்ற தேசியப் பள்ளிகள் குதிரையேற்றச் சங்கம் இருக்கிறது. ஒவ்வொரு பகுதியிலும் தகுதிச் சுற்றுகள் நடக்கும், தேறியவர்கள் தேசியப் போட்டிக்குப் போவார்கள். மேலே சொன்ன ஹிக்ஸ்டெட் மைதானமும் பள்ளிக் குழுக்களின் தேசியப் போட்டி நடந்து வந்த இடங்களில் ஒன்று. டக்ளஸ் பன் என்பவர் 1960-இல் சசெக்ஸில் தொடங்கிய மைதானம் அது. அங்குள்ள 3.2 மீட்டர் உயர மண்மேட்டிலிருந்து டெர்பிக் குதிரைகள் சறுக்கி இறங்குவதைத் தொலைக்காட்சியில் பார்த்த பிள்ளைக்கு, அதே வளாகத்தில் 80 செ.மீ. தடையைப் பள்ளிக்காகத் தாண்டக் கிடைப்பதே பெரிய விஷயம். குதிரையேற்றத்தைப் பிள்ளைகளிடம் கொண்டுபோனதில் போனி கிளப்புக்குத்தான் மூத்த இடம். அது 1929-இல் தொடங்கியது. ஆனால் அங்கே குழு என்றால் ஊர்க்கிளை. பள்ளிப் போட்டியில் வகுப்புத் தோழியே குழுத் தோழி, அந்த ஈர்ப்பு வேறு.

மில்ஃபீல்ட் போன்ற சில தனியார் பள்ளிகள் வளாகத்திலேயே லாயமும் பயிற்சித் திடலும் வைத்திருக்கின்றன. விடுதியில் தங்கும் பிள்ளை தன் குதிரையையும் கூடவே கொண்டுவந்து தங்கவைக்கலாம். அரசுப் பள்ளிப் பிள்ளைகளும் போட்டியில் இறங்கலாம், இறங்கவும் செய்கிறார்கள். விதி யாரையும் தடுப்பதில்லை, செலவு தடுக்கிறது. தீவனமும் லாய வாடகையும் மாதாமாதம். ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை லாடம் அடிப்பவர் வர வேண்டும். குதிரைக்கும் பாஸ்போர்ட் உண்டு. அதில் காய்ச்சல் தடுப்பூசி தேதிகள் ஒழுங்காக இருக்க வேண்டும், ஒரு நாள் தள்ளிப்போயிருந்தால்கூட வாசலிலேயே திருப்பி அனுப்பும் மைதானங்கள் இருக்கின்றன. இதையெல்லாம் சமாளித்து முடிக்கும்போது பிள்ளை வளர்ந்திருக்கும். பள்ளிச் சட்டையைப் போல மட்டக்குதிரையும் சிறிதாகிப் போய்விடும், அடுத்த அளவு தேட வேண்டும். எல்லாக் குடும்பமும் விற்று வாங்குவதில்லை. பராமரிப்புச் செலவை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள், குதிரை எங்களுடையதாகவே இருக்கட்டும் என்று சில வருடங்களுக்கு இன்னொரு வீட்டுக்குக் கொடுத்துவைக்கும் வழக்கம் அங்கே பரவலாக உண்டு. ஒரே மட்டக்குதிரை ஊரில் நாலைந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிவிடும்.

ஆக, பிரிட்டிஷ் பள்ளிப் போட்டியில் ஜெயிப்பது யார்? நல்ல பிள்ளை மட்டும் என்று சொல்ல முடியாது. நல்ல பிள்ளையும் நல்ல குதிரையும் சேர்ந்த ஜோடி. அந்த ஜோடிக்குப் பின்னால் ஒரு வீட்டின் பணமும் வார இறுதிகளும் இருக்கின்றன. இதைக் குறையாகச் சொல்கிறவர்கள் உண்டு, அவர்கள் சொல்வதில் நியாயமும் உண்டு. ஆனால் தடைதாண்டல் என்ற விளையாட்டே ஜோடியைத்தான் சோதிக்கிறது. ஒரு மீட்டருக்கு மேல் போகும்போது, இந்தப் பிள்ளை சொன்னால் தாண்டலாம் என்று குதிரை நம்ப வேண்டும். அந்த நம்பிக்கை மாதக்கணக்கில் பழகி வருவது.

அமெரிக்கர்கள் இதை வேறு பக்கமாகப் பிடித்தார்கள். 1967-இல் கல்லூரி மாணவர்களுக்காக ஐ.எச்.எஸ்.ஏ. என்ற அமைப்பு உருவானது; சொந்தக் குதிரை இல்லாத மாணவரும் கல்லூரிக்காகப் போட்டியிட வேண்டும் என்பதுதான் அதன் அடிப்படை. அதே முறையை 2002-இல் ஐ.இ.ஏ. என்ற அமைப்பு பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொண்டுவந்தது. இங்கே யாரும் குதிரை கொண்டுவருவதில்லை. போட்டியை நடத்தும் பண்ணை குதிரைகளைத் தயார் செய்து வைத்திருக்கும். காலையில், போட்டியில் கலந்துகொள்ளாத சிலர் அந்தக் குதிரைகளை ஓட்டிக் காட்டுவார்கள்; பிள்ளைகள் வேலியோரம் நின்று உற்றுப் பார்ப்பார்கள். ஒவ்வொரு குதிரைக்கும் சின்னக் குறிப்பு ஒன்று இருக்கும்: சாட்டை வேண்டாம், சோம்பேறி, இடப்பக்கம் இழுக்கும், இப்படி. அப்புறம் சீட்டு. வந்த குதிரையின் மேல் ஏறி, கால் வைக்கும் அங்கவடியை அளவுக்குச் சரிசெய்து, ஓரிரு தடையை ஒத்திகை பார்த்துவிட்டு உள்ளே போக வேண்டியதுதான்.

குதிரை தெரியாது என்பதால் தீர்ப்பும் மாறுகிறது. அங்கே கழி விழுந்ததா என்று எண்ணுவதில்லை. பிள்ளை உட்காரும் விதம், கையின் மென்மை, எட்டைக் கணித்த விதம், இவற்றைப் பார்த்து நடுவர் இடம் போடுகிறார். தடையும் தாழ்வு, மிஞ்சிப்போனால் இரண்டரை அடி. முதலிடத்துக்கு 7 புள்ளி, பிறகு 5, 4, 3, 2, 1. ஒவ்வொரு வகுப்பிலும் குழுக் கணக்கில் சேரப்போவது யாருடைய புள்ளி என்று பயிற்சியாளர் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். சீட்டில் அந்தப் பிள்ளைக்கு முரட்டுக் குதிரை வந்துவிட்டால் தலைவிதி. இதைக் கண்டிப்பாகப் பார்த்தால் ஷோ ஜம்பிங் என்றே சொல்ல முடியாது. குதிரையேற்றத் தேர்வு என்று சொல்லலாம். இன்னொரு வேடிக்கை, பல ஐ.இ.ஏ. குழுக்கள் பள்ளிக் குழுக்களே அல்ல. ஒரு பயிற்சிப் பண்ணையில் படிக்கும் வெவ்வேறு பள்ளிப் பிள்ளைகள் சேர்ந்து பண்ணையின் பெயரில் வருவார்கள். பிரிட்டனில் பள்ளி இருக்கிறது, குதிரை வீட்டினுடையது. அமெரிக்காவில் குதிரை பொது, பள்ளியைத்தான் தேட வேண்டியிருக்கிறது.

இரண்டில் எது மேல் என்றால், 80 செ.மீ. வரை எனக்கு அமெரிக்க வழி பிடித்திருக்கிறது. அந்த உயரத்தில் ஒரு பிள்ளை கற்றுக்கொள்ள வேண்டியது பல விதமான குதிரைகளைப் படிப்பதுதான், ஒரே குதிரையின் நல்ல குணத்தில் பரிசு வாங்குவது அல்ல. அதற்கு மேல் பிரிட்டிஷ் வழிதான் பாதுகாப்பு. பழக்கமில்லாத குதிரையில் 1.10 மீட்டர் ஆக்ஸரை நோக்கி ஒரு பதினான்கு வயதுப் பிள்ளையை அனுப்ப யாருக்கும் மனம் வராது. குதிரைகளின் பக்கமும் இருக்கிறது. ஒரே நாளில் பல புதியவர்களைச் சுமக்கும் குதிரைக்கு நல்ல பொறுமை வேண்டும், நடத்துகிறவருக்கு எப்போது அதை ஓய்வுக்கு அனுப்புவது என்ற கண்ணும் வேண்டும்.

இரவல் குதிரையில் உயரமான தடைகளையும் தாண்டவைத்த ஒரு மேடை உண்டு: இளையோர் ஒலிம்பிக். 2010-இல் சிங்கப்பூரில் முதல்முறை நடந்தபோது குதிரைகளை ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்தார்கள். 30 இளைஞர்கள் குதிரைகளைக் குலுக்கலில் பெற்று, பழகிக்கொள்ளச் சில நாள் அவகாசத்தோடு போட்டியிட்டார்கள். தனிநபர் தங்கம் உருகுவேயின் மார்செலோ சிரிகோவுக்குப் போனது. வெண்கலம் சவூதி அரேபியாவுக்கு. தடைதாண்டலில் ஐரோப்பாவின் பிடி எவ்வளவு இறுக்கம் என்று தெரிந்தவர்களுக்கு இது ஆச்சரியமான மேடை. குதிரையைச் சமமாக்கினால் போதும், மற்றதெல்லாம் தானாகச் சமமாகிவிடும் என்று உடனே முடிவு கட்டிவிடவும் கூடாது. 2014-இல் நாஞ்சிங்கில் தங்கம் வென்றவர் நெதர்லாந்தின் லிசா நூரென். சிறு வயதிலிருந்து நிறையக் குதிரைகளில் ஏறிப் பழகிய பிள்ளைக்கு இரவல் குதிரையும் எளிதாக வசப்படும். அந்தப் பழக்கமும் காசில்தான் வருகிறது.

இந்தியாவில் குதிரையேற்றம் படிக்கும் பிள்ளைகள் பெரும்பாலும் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறார்கள். குதிரை கிளப்புடையதாகவோ ராணுவத்துடையதாகவோ பள்ளியுடையதாகவோ இருக்கும். சென்னை, பெங்களூர் பயிற்சிப் பள்ளிகளில் பந்தயத்திலிருந்து ஓய்வுபெற்ற குதிரைகள் நிறைய. ஆனால் பயிற்சியிலும் போட்டியிலும் பெரும்பாலும் அதே குதிரையில்தான் ஏறுவார்கள், சீட்டு கிடையாது. பந்தயக் குதிரைக்கு எட்டு நீளம், வேகமும் ரத்தத்திலேயே இருக்கும். அதைத் தடைக்கு முன்னால் நிதானப்படுத்திக் கொண்டுவரவே முதல் ஒன்றிரண்டு வருடம் போய்விடும். தேசிய அளவில் இந்தியக் குதிரையேற்றச் சம்மேளனம் ஜூனியர் நேஷனல் போட்டியை வயதுவாரியாக நடத்துகிறது.

வெளிநாட்டுப் பிள்ளைகளோடு மோதிப் பார்ப்பதுதான் கடினம். நோய்த்தடுப்பு விதிகளால் இந்தியக் குதிரைகளை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோவது நீண்டகாலமாகவே நடவாத காரியமாக இருந்து வந்திருக்கிறது. அதற்கு எஃப்.இ.ஐ. கண்டுபிடித்த வழி எளிமையானது. ஒரே தட வரைபடத்தை, தூரமும் உயரமும் குறித்து, பல நாடுகளுக்கும் அனுப்பிவிடுகிறது. ஒவ்வொரு நாட்டிலும் அதே மாதிரி தடைகளை நிறுத்தி, பிள்ளைகள் உள்ளூர்க் குதிரைகளிலேயே தாண்டுகிறார்கள். புள்ளிகளையும் நேரத்தையும் பிறகு நாடுகளுக்கிடையே ஒப்பிட்டுத் தரவரிசை போடுகிறார்கள். மேலே வருகிறவர்களை இறுதிப் போட்டிக்குக் கூப்பிடுகிறார்கள். அங்கே போனதும் அவர்களுக்குக் கொடுப்பது இரவல் குதிரைதான்.